சாப்பிடாமலே வரும் ஒவ்வாமை: சோப்பு, எண்ணெய், குளியல் பொடியில் ஒளிந்திருக்கும் உணவுப் பொருட்கள்



நம் வீடுகளில் "இது கரப்பான் பண்டம், உடம்புக்கு ஆகாது" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். கருவாடு வேண்டாம், கத்திரிக்காய் வேண்டாம் என்று பத்தியம் வைப்பார்கள். ஒருவருக்குச் சில உணவு ஒத்துக்கொள்ளாது என்பது நமக்குப் புதிய செய்தி இல்லை. ஆனால் தட்டில் வைக்காமல் தள்ளிவிட்ட அதே பண்டம் சோப்பாகவும், தலைக்குத் தேய்க்கும் எண்ணெயாகவும், குழந்தைக்குப் பூசும் பொடியாகவும், சில நேரம் மருந்து மாத்திரையாகவும் திரும்பி வருகிறது என்பது பலருக்குத் தெரியாது.

நிலக்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்குக் கடலை மிட்டாய் கொடுக்காமல் பார்த்துக்கொள்கிறோம். அதே பிள்ளைக்குச் செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயைத் தேய்த்துக் குளிப்பாட்டுகிறோம். உடம்பெல்லாம் தடிப்பு தடிப்பாக வந்தால், "ஏதோ பூச்சி கடிச்சிருக்கும், காணாக்கடியா இருக்கும்" என்று கம்பளியால் தேய்த்து விட்டுவிடுகிறோம். காரணம் நம் கையில் இருந்த கிண்ணத்திலேயே இருக்கிறது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. நம் குழுக்களில் பலர் சோப்பு, குளியல் பொடி, சீயக்காய்த் தூள், மூலிகை எண்ணெய் தயாரித்து விற்கிறோம். வாங்குபவருக்குப் பாதுகாப்பாகப் பொருள் கொடுப்பது நம் பொறுப்பு. ஆகவே இந்த விஷயத்தை வாங்குபவராகவும் விற்பவராகவும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒவ்வாமை என்றால் என்ன?

நோய்க்கிருமி உள்ளே வந்தால் எதிர்த்துச் சண்டை போட நம் உடம்பில் ஒரு காவல் படை இருக்கிறது. சிலருக்கு இந்தக் காவல் படை ஆளை மாற்றி அடையாளம் கண்டுவிடும். பால், முட்டை, நிலக்கடலை, கோதுமை போன்ற நல்ல உணவில் உள்ள புரதச்சத்தைப் பகையாளி என்று நினைத்துவிடும். அடுத்த முறை அந்தப் புரதம் உடம்பில் பட்டதும் 'ஹிஸ்டமின்' போன்ற பொருட்களை அள்ளிக் கொட்டும். அரிப்பு, தடிப்பு, வீக்கம், வாந்தி, இளைப்பு எல்லாம் அதனால் வருவதுதான். இதைத்தான் ஒவ்வாமை, ஆங்கிலத்தில் அலர்ஜி என்கிறார்கள்.

இங்கே ஒரு வார்த்தையை மனதில் வையுங்கள்: புரதம். ஒவ்வாமையைத் தூண்டுவது பெரும்பாலும் உணவில் உள்ள புரதம்தான். ஒரு எண்ணெயிலோ சோப்பிலோ அந்தப் புரதம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் ஆபத்தும் கூடும், குறையும்.

உணவு ஒவ்வாமை எல்லோருக்கும் வருவதில்லை. பெங்களூரு, மைசூரு பகுதிகளில் பெரியவர்களிடம் நடத்தி 2016-ல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய 100 பேரில் ஒருவருக்கு உணவு ஒவ்வாமை இருக்கலாம் என்று தெரிந்தது. ஆகவே இதைப் படித்துவிட்டு எல்லோரும் பயந்து எண்ணெய்க் குளியலை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் அந்த ஒருவர் நம் வீட்டுப் பிள்ளையாக இருந்தால்? அப்போது இந்த விவரம்தான் உயிரைக் காப்பாற்றும்.

தோல் வழியாகக்கூட வருமா?

வரும். இதற்குப் பெரிய சாட்சி ஜப்பான் நாட்டில் நடந்தது. அங்கே 'சா நோ ஷிசுகு' என்ற முகம் கழுவும் சோப்பு மிகவும் பிரபலமாக இருந்தது. தோல் மென்மையாக இருக்க வேண்டும் என்று அதில் கோதுமைப் புரதத்தைச் சிதைத்துச் சேர்த்திருந்தார்கள். பெண்கள் தினமும் நுரை பொங்க முகத்தில் தேய்த்துக் கழுவினார்கள். அந்தப் புரதம் முகத்தோல், கண், மூக்கு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது. உடம்பின் காவல் படை கோதுமையைப் பகையாளி என்று எழுதி வைத்துக்கொண்டது.

அதன் பிறகு என்ன ஆனது? அதுவரை ரொட்டியும் நூடுல்சும் நிம்மதியாகச் சாப்பிட்டவர்களுக்கு, சாப்பிட்டுவிட்டு நடந்தாலோ வேலை செய்தாலோ கண் இமை வீங்கியது. உடம்பெல்லாம் தடித்தது. சிலருக்கு மூச்சுத் திணறி மயக்கமே வந்தது. 2011-ல் அந்தச் சோப்பைத் திரும்பப் பெற்றார்கள். 2,000-க்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டது உறுதியானது. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சோப்பை நிறுத்திய பிறகு பலருக்கு நாளாக நாளாகக் குறைந்தது.

இதில் நமக்குப் பாடம் என்ன? ஏற்கெனவே ஒவ்வாமை இருப்பவருக்கு மட்டும் இது பிரச்சினை இல்லை. தோலில் தினமும் பூசுவதாலேயே புதிதாக ஒவ்வாமை உண்டாகவும் கூடும்.

நம் நாட்டிலும் ஒரு உதாரணம் உண்டு. தலைப் பொடுகுக்கு வெந்தயம் அரைத்துப் பூசுவது நமக்குப் பழக்கமான வைத்தியம். அப்படிப் பூசிய ஒருவருக்குத் தலை மரத்து, முகம் வீங்கி, இளைப்பு வந்ததை இந்திய மருத்துவர்கள் 1997-ல் பதிவு செய்திருக்கிறார்கள். வெந்தயமும் நிலக்கடலை, கொண்டைக்கடலை மாதிரி பயறு இனச் செடிதான். லட்சக்கணக்கான பேர் வெந்தயம் பூசி நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஒத்துக்கொள்ளாத ஒருவருக்கு மட்டும் அது விஷம் மாதிரி வேலை செய்தது.

குழந்தைக்கு வாய் வழி நல்லது, புண் வழி கெட்டது

பிறந்த குழந்தைகளுக்குக் கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் சிவந்து, செதில் செதிலாக, நீர் வடியும் கரப்பான் வருவதைப் பார்க்கிறோம். அந்த இடத்தில் தோல் என்ற வேலி உடைந்திருக்கிறது. வேலி உடைந்த கொல்லையில் ஆடு மாடு புகுந்த மாதிரி, பூசுகிற பொருளின் புரதம் அது வழியாக உள்ளே போகும்.

இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து கவனித்து 2003-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். கரப்பான் இருந்து, நிலக்கடலை எண்ணெய் கலந்த களிம்பு பூசப்பட்ட குழந்தைகளுக்கும் பிற்காலத்தில் வந்த நிலக்கடலை ஒவ்வாமைக்கும் தொடர்பு இருப்பதாக அதில் தெரிந்தது.

அப்படியென்றால் குழந்தைக்கு நிலக்கடலையே காட்டக் கூடாதா? இல்லை. இங்கேதான் ஆச்சரியம். 2015-ல் அதே இங்கிலாந்தில் 640 கைக்குழந்தைகளை வைத்து நடத்திய ஆய்வு வெளியானது. ஒவ்வாமை வரும் வாய்ப்பு அதிகம் உள்ள குழந்தைகளையே எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதிக் குழந்தைகளுக்கு முதல் வயதிலிருந்தே நிலக்கடலை உணவு கொடுத்தார்கள். மறு பாதிக்கு 5 வயது வரை கொடுக்கவே இல்லை. 5 வயதில் பார்த்தால், கொடுக்காதவர்களில் 100-க்கு 17 பேருக்கு ஒவ்வாமை. கொடுத்தவர்களில் 100-க்கு 3 பேருக்குத்தான்!

அதாவது, வாய் வழியாகப் போகும் உணவை உடம்பு நண்பனாக ஏற்றுக்கொள்ளப் பழகுகிறது. உடைந்த தோல் வழியாகப் போனால் திருடன் என்று நினைக்கிறது. ஆகவே:

• கரப்பான் உள்ள தோலில் கடலை எண்ணெய், பாதாம் எண்ணெய், பயத்தமாவு, பால், முட்டை எதையும் பூச வேண்டாம். முதலில் மருத்துவரிடம் காட்டிக் கரப்பானைக் குணப்படுத்துங்கள்.

• 6 மாதம் தாய்ப்பால் கொடுத்து, பிறகு இணை உணவு தொடங்கும்போது எல்லா வகை உணவையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். நிலக்கடலையை முழுதாகக் கொடுக்கவே கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். நைசாக அரைத்துக் கஞ்சியில் கரைத்துக் கொடுக்கலாம். கரப்பான் கடுமையாக இருக்கும் குழந்தைக்கும், முட்டையோ வேறு உணவோ ஏற்கெனவே ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கும் மருத்துவரைக் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.

• நிலக்கடலை உரித்த கையோடு, முட்டை உடைத்த கையோடு குழந்தையைத் தூக்காதீர்கள். அமெரிக்காவில் 2004-ல் சோதித்துப் பார்த்ததில், வெறும் தண்ணீரிலோ கை துடைக்கும் சானிடைசரிலோ நிலக்கடலைப் புரதம் முழுதாகப் போகவில்லை. சோப்புப் போட்டுக் கழுவினால் போய்விட்டது.

எங்கெங்கே ஒளிந்திருக்கிறது?

வீட்டைச் சுற்றி ஒரு முறை பார்த்து வருவோமா?

1. எண்ணெய்க் கிண்ணம்: நல்லெண்ணெய் எள்ளிலிருந்து வருகிறது, கடலை எண்ணெய் நிலக்கடலையிலிருந்து. பாதாம் எண்ணெய் கலந்த தலை எண்ணெயும் குழந்தை எண்ணெயும் கடைகளில் நிறைய. ஆலையில் நன்கு சுத்திகரித்த எண்ணெயில் புரதம் பெரும்பாலும் நீங்கிவிடும். செக்கில் ஆட்டிய எண்ணெயில் புரதம் மிச்சம் இருக்கும். செக்கு எண்ணெய் நல்லது என்று தேடி வாங்குகிறோம், வாங்கலாம். ஆனால் அந்தப் பண்டம் ஒத்துக்கொள்ளாதவர் இருக்கும் வீட்டில் செக்கு எண்ணெய்தான் அதிக ஆபத்து.

2. குளியல் பொடி, நலுங்கு மாவு: பச்சைப்பயறு, கடலைப்பருப்பு, பாதாம், சில நேரம் கோதுமை அல்லது ஓட்ஸ். பூசும்போது மட்டும் இல்லை, அரைக்கும்போதும் சலிக்கும்போதும் தூசி மூக்கில் ஏறும். மாவு மில்லில் வேலை பார்ப்பவருக்குத் தும்மலும் இளைப்பும் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

3. தலைக்கு: சீயக்காய்த் தூளில் வெந்தயமும் பச்சைப்பயறும் சேர்ப்போம். தலைக்கு முட்டை, தயிர் பூசுவோம். கடையில் வாங்கும் ஷாம்பு, கண்டிஷனர் சிலவற்றில் கோதுமைப் புரதம், சோயாப் புரதம், பால் புரதம், முட்டை சேர்க்கிறார்கள். "புரோட்டீன் ஷாம்பு" என்று பெருமையாகப் போட்டிருந்தால், எந்தப் புரதம் என்று கேட்க வேண்டும்.

4. சோப்பு, முகக் களிம்பு: ஆட்டுப்பால் சோப்பு, பாதாம் களிம்பு, ஓட்ஸ் சோப்பு. முகத்தைத் தேய்த்துக் கழுவும் 'ஸ்கிரப்' சிலவற்றில் அக்ரூட் ஓட்டுத் தூள். உதட்டுக்குப் பூசும் களிம்பில் உள்ள எண்ணெய் வாய்க்குள்ளும் போகும். ஆகவே உதட்டுப் பூச்சில் கூடுதல் கவனம் வேண்டும்.

5. பற்பசை: பல் தேய்மானத்துக்கும் கூச்சத்துக்கும் பல் மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கும் சில பசைகளில் 'கேசீன்' என்ற பால் புரதம் இருக்கிறது. பால் ஒவ்வாமை உள்ளவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

6. மருந்துப் பெட்டி: ஹார்மோன் குறைவுக்குக் கொடுக்கும் 'புரொஜெஸ்டிரோன்' கேப்சூல்களில் சில, கடலை எண்ணெயில் கரைத்துச் செய்யப்படுகின்றன. காது அழுக்கு இளகப் போடும் சொட்டு மருந்து சிலவற்றிலும் கடலை எண்ணெயோ பாதாம் எண்ணெயோ இருக்கும். இளைப்புக்குப் பொடியாக உறிஞ்சும் இன்ஹேலர் சிலவற்றில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை சேர்க்கிறார்கள், அதில் துளி பால் புரதம் இருக்கக்கூடும். இதைப் படித்துவிட்டு யாரும் மருந்தைத் தானாக நிறுத்திவிடக் கூடாது. "எனக்கு இது ஒத்துக்கொள்ளாது" என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் வேறு மருந்து மாற்றிக் கொடுப்பார்.

7. மாட்டுக் கொட்டகை: கடலைப் புண்ணாக்கும் எள்ளுப் புண்ணாக்கும் எண்ணெய் எடுத்தபின் மிஞ்சுவது. எண்ணெய் போய்விட்டதால் அதில் புரதம்தான் நிறைய! புண்ணாக்கு உடைத்த தூசியும், கரைத்த கையும், ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு ஆகாது. அந்தப் பிள்ளையைத் தீவனம் வைக்க அனுப்ப வேண்டாம்.

8. பள்ளிக்கூடம், விளையாட்டு: தூசி பறக்காத சாக்பீஸ் என்று விற்பதில் சிலவற்றில் கேசீன் சேர்க்கிறார்கள். பால் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு அதனால் தும்மலும் இளைப்பும் வரலாம் என்று 2013-ல் ஸ்பெயின் நாட்டு மருத்துவர்கள் எழுதினார்கள். பிள்ளைகள் உருட்டி விளையாடும் வண்ண மாவில் கோதுமை இருக்கும். நோட்டுக்கு அட்டை போடும் பசை நாம் மைதாவில் காய்ச்சுவது. மைதாவும் கோதுமைதான்.

லேபிளில் என்ன பெயரில் இருக்கும்?

உணவுப் பாக்கெட்டுக்கு இப்போது சட்டம் கொஞ்சம் உதவுகிறது. 2020-ல் வந்த உணவு லேபிள் ஒழுங்குமுறையில், குளூட்டன் உள்ள தானியங்கள், இறால் நண்டு வகைகள், முட்டை, மீன், நிலக்கடலை மற்றும் பாதாம் முந்திரி போன்ற கொட்டைகள், சோயா, பால், சல்பைட் ஆகிய 8 வகைகள் சேர்ந்திருந்தால் தனியாகத் தெரியும்படி அச்சிட வேண்டும். அந்தப் பட்டியலில் எள் இல்லை. எள் ஒத்துக்கொள்ளாதவர்கள் முழுப் பட்டியலையும் படித்துத்தான் வாங்க வேண்டும்.

சோப்பு, ஷாம்பு, களிம்பு போன்ற அழகுசாதனப் பொருட்களுக்கு 2020-ன் அழகுசாதனப் பொருள் விதிகள் உண்டு. என்னென்ன சேர்த்திருக்கிறது என்று பட்டியல் போட வேண்டும். ஆனால் "நிலக்கடலை உள்ளது, கவனம்" என்று உணவுப் பாக்கெட் போலத் தனியாக எச்சரிக்க வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. பட்டியலும் பெரும்பாலும் செடியின் லத்தீன் பெயரில்தான் இருக்கும். படித்தவர்களுக்கே புரியாது! கீழே உள்ள பெயர்களைப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை விட்டு ஆங்கிலத்தில் எழுதி வாங்கி, பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

• அராக்கிஸ் ஹைப்போஜியா – நிலக்கடலை
• புரூனஸ் அமிக்டலஸ் டல்சிஸ் – பாதாம்
• செசாமம் இண்டிகம் – எள்
• டிரிட்டிகம் வல்கேர் – கோதுமை
• கிளைசின் சோயா – சோயா
• அவெனா சடைவா – ஓட்ஸ்
• ஜுக்லன்ஸ் ரீஜியா – அக்ரூட்
• லாக், கேசீன், வே – பால் அல்லது பால் புரதம்
• ஓவம், அல்புமின் – முட்டை (அல்புமின் வேறு பொருளிலிருந்தும் வரலாம்)
• ஹைட்ரலைஸ்டு என்று தொடங்கினால் – சிதைத்த புரதம். பின்னால் வரும் பெயர் கோதுமையா, பாலா, சோயாவா என்று பாருங்கள்.

"மூலிகை", "இயற்கை", "ஆயுர்வேத" என்று போட்டிருந்தால் ஒவ்வாமை வராது என்று அர்த்தம் இல்லை. நிலக்கடலையும் பாலும் இயற்கைதானே!

எல்லா அரிப்பும் உணவு ஒவ்வாமை அல்ல

இதையும் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் தேவையில்லாமல் நல்ல உணவை நிறுத்தி, பிள்ளையின் சத்தைக் குறைத்துவிடுவோம்.

உணவுப் புரதத்தால் வரும் ஒவ்வாமை பெரும்பாலும் சில நிமிடத்திலிருந்து 2 மணி நேரத்துக்குள் காட்டிவிடும். பூசிய இடத்தில் அரிப்பு, கொசு கடித்தது போலத் தடிப்பு, கண் இமை உதடு வீக்கம் என்று வரும்.

ஒன்று, இரண்டு நாள் கழித்து அதே இடத்தில் சிவந்து, கொப்புளித்து, தோல் உரிந்தால் அது வேறு வகை. தலைமுடிச் சாயம், வாசனைப் பொருள், கவரிங் நகையில் உள்ள நிக்கல் போன்றவற்றால் அப்படி வரும். மருதாணி என்று சொல்லிக் கறுப்பாகப் போடும் மெஹந்தியில் சாயம் கலந்திருந்தாலும் வரும்.

மூன்றாவது, காரத்தால் வரும் எரிச்சல். துணி சோப்பு, பாத்திரம் தேய்க்கும் தூள் இவற்றால் கை வெடிப்பது யாருக்கும் வரலாம். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் கொட்டை உடைக்கும் சகோதரிகளின் கை வெந்துபோவது கொட்டை ஓட்டில் உள்ள எண்ணெயின் காரத்தால். அது பருப்பினால் வரும் ஒவ்வாமை இல்லை. கையுறை போட்டால் தப்பிக்கலாம்.

எது எது என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி: ஒரு நோட்டில் தேதி, என்ன பூசினோம், என்ன சாப்பிட்டோம், எத்தனை நேரத்தில் என்ன வந்தது என்று எழுதுங்கள். நாம்தான் வாரா வாரம் சேமிப்பு எழுதுகிறவர்களாச்சே, இதற்கு ஒரு பக்கம் ஒதுக்க முடியாதா? அந்த நோட்டையும், பொருளின் அட்டையையும் எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைத் தோல் பிரிவுக்குப் போனால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஆபத்து நேரத்தில் என்ன செய்வது?

தோலில் மட்டும் அரிப்பு, தடிப்பு என்றால், பூசியதை உடனே நிறையத் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.

கீழ்க்கண்டவற்றில் ஒன்று வந்தாலும் அது உயிருக்கு ஆபத்து:

• மூச்சுத் திணறல், இளைப்பு, குரல் கம்முதல்
• நாக்கு, தொண்டை வீக்கம், எச்சில் விழுங்க முடியாமை
• தலை சுற்றல், மயக்கம், கை கால் சில்லிடுதல்
• தடிப்போடு சேர்த்துத் திரும்பத் திரும்ப வாந்தி, வயிற்று வலி

உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். ஆளைப் படுக்க வைத்துக் காலை உயர்த்தி வையுங்கள். மூச்சு வாங்கினால் சாய்ந்து உட்கார விடலாம். எழுந்து நடக்கச் சொல்லாதீர்கள். மோர், கஷாயம் என்று வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். இதற்கு மருந்து 'அட்ரினலின்' என்ற ஊசி. தொடையில் போடுவார்கள். அரிப்பு மாத்திரை மட்டும் போட்டுவிட்டு வீட்டில் காத்திருந்தால் நேரம் கடந்துவிடும். மந்திரிப்பதும் விபூதி போடுவதும் அவரவர் நம்பிக்கை. ஆனால் அதற்காக ஆஸ்பத்திரி போவதைத் தள்ளிப்போடக் கூடாது. ஊசி போட்டு நன்றாகிவிட்டாலும் சில மணி நேரம் கழித்துத் திரும்ப வரலாம். ஆகவே மருத்துவர் போகச் சொல்லும் வரை அங்கேயே இருங்கள்.

நாம் தயாரித்து விற்கும் பொருட்கள்

கண்காட்சியிலும் பூமாலை வளாகத்திலும் மதி அங்காடியிலும் நம் பொருளை நம்பி வாங்குகிறார்கள். அந்த நம்பிக்கைதான் நம் முதலீடு. குளியல் சோப்பு, களிம்பு போன்றவற்றைத் தயாரித்து விற்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் தேவை என்பதை மறக்க வேண்டாம். அதோடு:

1. என்ன சேர்த்தோமோ அத்தனையும் அட்டையில் தமிழிலும் எழுதுங்கள். "21 வகை மூலிகை" என்று மட்டும் போடுவது போதாது. தொழில் ரகசியம் என்பது அளவில் இருக்கட்டும், பொருளின் பெயரில் வேண்டாம்.

2. 'கடலை' என்று மொட்டையாக எழுதாதீர்கள். நம் பேச்சில் கடலை எண்ணெய் என்றால் நிலக்கடலை. கடலை மாவு என்றால் கடலைப்பருப்பு. இரண்டும் வேறு வேறு. நிலக்கடலை, கடலைப்பருப்பு என்று பிரித்து எழுதுங்கள்.

3. பால், முட்டை, நிலக்கடலை, பாதாம், முந்திரி, எள், கோதுமை, சோயா சேர்த்திருந்தால் கீழே தனி வரியாக, "இதில் பாதாம், கோதுமை உள்ளது" என்று பெரிய எழுத்தில் போடுங்கள். சட்டம் கேட்காவிட்டாலும் போடலாம். நம் பொருளுக்கு அது மதிப்புதான்.

4. ஒரே மிக்சி, ஒரே சல்லடை, ஒரே அண்டாவில் எல்லாம் செய்யும்போது ஒன்றின் தூள் மற்றொன்றில் ஒட்டும். பாதாம் சேராத பொடியை முதலில் அரையுங்கள், சேர்ந்ததைக் கடைசியில். நடுவில் சோப்புப் போட்டுக் கழுவிக் காய வையுங்கள். வெளி மில்லில் அரைத்தால் நமக்கு முன்னால் என்ன அரைத்தார்கள் என்று கேளுங்கள்.

5. எண்ணெயோ மாவோ கிடைக்கவில்லை என்று வேறொன்றை மாற்றினால் அட்டையையும் மாற்றுங்கள். பழைய அட்டை மிச்சம் இருக்கிறது என்று ஒட்டிவிடாதீர்கள்.

6. அரைக்கும்போதும் சலிக்கும்போதும் வாயையும் மூக்கையும் மூடிக் கட்டுங்கள். வேலை நாளில் இளைப்பு வந்து, விடுமுறை நாளில் இல்லாமல் இருந்தால் அந்தச் சகோதரிக்கு வேறு வேலை மாற்றிக் கொடுங்கள். வருமானம் குறையாமல் பார்த்துக்கொள்வது குழுவின் கடமை.

உறுப்பினர்கள் கேட்கக்கூடிய கேள்விகள்

கே: புதுச் சோப்பை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாமா?

ப: இதுவரை ஒவ்வாமையே வராதவர் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் பூசி, கழுவி, ஒரு நாள் பொறுத்துப் பார்க்கலாம். ஏற்கெனவே ஒரு பண்டத்தால் மூச்சுத் திணறல் வந்தவர், அந்தப் பண்டம் உள்ள எதையும் சோதனைக்குக்கூடத் தொடக் கூடாது.

கே: பாதாம் களிம்பு பூசினால் ஒன்றும் ஆகவில்லை. அப்படியானால் பாதாம் சாப்பிடலாமா?

ப: கூடாது. தோல் தாங்கியதை வயிறு தாங்கும் என்று சொல்ல முடியாது. மருத்துவர் சோதித்துச் சொன்ன பிறகே சாப்பிட வேண்டும்.

கே: குழந்தைக்கு என்ன எண்ணெய்தான் தேய்ப்பது?

ப: நல்ல தோல் உள்ள குழந்தைக்கு உங்கள் வழக்கப்படி தேய்க்கலாம். தேங்காய் எண்ணெயால் ஒவ்வாமை வருவது அபூர்வம். கரப்பான் இருந்தால் மருத்துவர் சொல்வதை மட்டும் பூசுங்கள்.

கே: சின்ன வயதில் வந்த ஒவ்வாமை வாழ்நாள் முழுக்க இருக்குமா?

ப: பால், முட்டை ஒவ்வாமை பல பிள்ளைகளுக்கு வளர வளரப் போய்விடும். நிலக்கடலை ஒவ்வாமை பெரும்பாலும் தங்கிவிடும். போய்விட்டதா என்று வீட்டில் கொடுத்துப் பார்க்காதீர்கள். ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்த குழுக் கூட்டத்தில்

ஊக்குநரும் பிரதிநிதியும் இதை வாசித்துக் காட்டி, கீழ்க்கண்டவற்றைப் பேச வைக்கலாம்:

• நம் குழுவில் யார் வீட்டிலாவது ஏதாவது உணவு ஒத்துக்கொள்ளாதவர் இருக்கிறார்களா? அங்கன்வாடிப் பணியாளர், பள்ளி ஆசிரியர், சத்துணவு அமைப்பாளரிடம் சொல்லியிருக்கிறார்களா?

• ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒரு சோப்பு அல்லது ஷாம்பு அட்டை கொண்டு வாருங்கள். மேலே உள்ள பெயர்களில் எது இருக்கிறது என்று சேர்ந்து தேடுங்கள்.

• நம் குழு தயாரிக்கும் பொருளின் அட்டையில் எல்லாம் எழுதியிருக்கிறதா? இல்லையென்றால், அடுத்த அச்சில் சேர்ப்பதாகத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.

• 108 வண்டி நம் ஊருக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்? இரவில் வண்டி வர முடியாத குக்கிராமம் என்றால், யார் வண்டியில் போவது என்று இப்போதே பேசி வையுங்கள்.

கடன் வாங்கும்போது பத்திரத்தைப் படிக்காமல் கைநாட்டு வைக்கக் கூடாது என்று கற்றுக்கொண்டோம். பிள்ளையின் உடம்பில் பூசும் பொருளின் அட்டையையும் படித்துவிட்டே கையில் எடுப்போம்.